சான்றிதழில் ஒரு வரி

சவப்பெட்டிமேல் விழுந்து மாணிக்கவாசகம் அழுதார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை என்பது இந்திராணிக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

பெட்டிக்குள் இருந்தவை அவள் கணவன் ஏகாம்பரத்தின் எலும்புகள். விமானப்படையில் வயர்லெஸ் ஆபரேட்டர். எழுபத்தொன்றில் யுத்தம் முடிந்த கையோடு, சரக்கு விமானத்தோடு பனிமலையில் காணாமல் போனவன். போன வருடம் பனி உருகிய சரிவில் மலையேறப் போனவர்கள் கண்டெடுத்தார்கள்.

மாணிக்கவாசகம் அவனுடைய தம்பி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறவர். அண்ணனுக்கென்று தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார். அதில் கைகூப்பி நிற்கும் மாணிக்கவாசகம் ஆள் உயரம். நாட்டுக்காகச் செத்தவன் தபால்தலை அளவு.

பெட்டியைப் பூர்வீக வீட்டு வாசலில்தான் வைக்க வேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்பியதும் அவர்தான். இந்திராணி மறுபேச்சில்லாமல் சரியென்றாள்.

மகள் கலைவாணிக்கே அது புரியவில்லை. அந்தத் தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் அம்மா.

மாணிக்கவாசகம் இன்னும் அழுதுகொண்டிருந்தார். ஓரக்கண் மட்டும் உள்ளூர் சேனல்காரனின் கேமராமேல் இருந்தது.

எலும்பு யாருடையது என்று பார்க்க, கூடப்பிறந்தவராயிற்றே என்று ரத்தம் கேட்டு வந்தவர்களிடம், சுகர் இருக்கிறது என்று கையை மடக்கிக்கொண்ட மனிதர். இந்த மூஞ்சியில் அழுகைகூட ஒட்டவில்லையே என்று நினைத்துக்கொண்டாள் இந்திராணி.

ஒருவழியாக எழுந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கொள்ளி நாந்தான் சார் வெக்கணும். எங்கண்ணனுக்கு வேற யாரு இருக்கறாங்க?"

பெட்டியோடு வந்திருந்த விமானப்படையின் இளம் அதிகாரி ஃபைலைத் திறந்தார். ஒப்படைக்கும் முன் சான்றிதழை வாசித்தாக வேண்டும்.

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் இருந்தது. கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னார். இந்த எலும்புகளுக்கு உரியவர், ரத்தம் கொடுத்த கலைவாணியைப் பெற்ற தகப்பன். சந்தேகத்துக்கு இடமில்லை.

சாமியானாவின் கீழ் இருந்த வயதான பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தபா படிங்க சார்," என்றாள் இந்திராணி. "எங்க கொழுந்தனாருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மாணிக்கவாசகத்தின் காதுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏகாம்பரமும் அவளும் கடைசியாகச் சேர்ந்திருந்தது யுத்தத்துக்குக் கொஞ்சம் முன் தாம்பரத்தில், இரண்டே நாள். காஞ்சிபுரம்வரை வந்துபோக அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அவன் காணாமல் போன ஐந்தாம் மாதம், மேடிட்ட வயிற்றோடு இதே வாசற்படியில் நின்றவளிடம், "இது எங்கண்ணன் புள்ளன்னு யாரு கண்டா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர் மாணிக்கவாசகம்.

அதிகாரி இரண்டாவது முறை தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.