நிற்காத மன்னர் வாழ்த்து

"அலமாக்! மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிச்சிட்டாளே!"

கூட்டத்தில் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மலாயாவில், ரெங்கம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் திடலில் அன்று ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா. துரை முதல் வாசல் காவல்காரர்கள் வரை எல்லோரும் வெயிலில் விறைத்து நின்றார்கள். மேடையில் கிருஷ்ணம்மா மன்னர் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். பால்மரம் சீவுகிறவள். எஸ்டேட் நாடகங்களில் பாடிப் பேர் வாங்கியவள்.

வாழ்த்து முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது, நகரக் கூடாது. துரையின் உத்தரவு.

ஒரு தடவை பாடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் முடிகிற இடம் வரும்போதெல்லாம் கிருஷ்ணம்மா பல்லவிக்கே திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் அய்யாவு வேர்க்க விறுவிறுக்க ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தான்.

"போதும் புள்ள, இறங்கு. எல்லாரும் மொறைக்கிறாங்க."

"மொறைக்கட்டும். நீங்க வாசிங்க." மூச்சு வாங்கும் இடைவெளியில் சொல்லிவிட்டு அடுத்த அடியைப் பிடித்தாள்.

பாட்டை எழுதிய எஸ்டேட் ஆபீஸ் கிராணி சோமசேகரம் மேடையோரம் வந்து பல்லைக் கடித்தார்.

"என்ன பிள்ளை இது? ஒருக்காப் பாடத்தானே எழுதித் தந்தனான்? நிப்பாட்டு!"

கிருஷ்ணம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பாட்டு நிற்கவில்லை.

பெரிய கங்காணி லெட்சுமணன் பொறுமையிழந்து மேடைப் பக்கம் கால் எடுத்து வைத்தார். துரை திரும்பி முறைத்தார். விருந்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் முன்னால் மன்னர் பாட்டுக்கு மரியாதைக் குறைவா? கங்காணி எடுத்த காலை இழுத்துக்கொண்டார்.

"கைதட்டு வாங்கிப் பழகினவ. மேடைய விட்டு இறங்க மனசு வருமா?" பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"இவ ஆசைக்கு நாம வெயில்ல காயணும்!"

கிருஷ்ணம்மாவின் குரல் கம்மியது. மேலே போகும்போது பிசிறியது. சிலர் சிரித்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பல்லவியைத் தொடங்கினாள்.

தூரத்தில், சிங்கப்பூர் போகும் ரயில் ரெங்கம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ஊதல் கேட்டது.

அந்த அடியோடு பாட்டை முடித்தாள். கும்பிட்டாள். ஒருவரும் கைதட்டவில்லை.

"இனிமே இந்த எஸ்டேட்டுல எந்த மேடையிலயும் நீ ஏறக் கூடாது!" கங்காணி கத்தினார்.

"சரிங்க," என்று இறங்கிப் போனாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் வழியில் அய்யாவு வெடித்தான்.

"இத்தனை வருசம் பாடிச் சேத்த பேரு ஒரே நாள்ல போச்சு. அப்படி என்ன வீம்பு உனக்கு?"

கிருஷ்ணம்மாவுக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"புருஷன் செத்து வருசம்கூட ஆகல, நம்ம பக்கத்து வீட்டுச் செல்வராணிக்கு. கங்காணி தன் மச்சானுக்கு அவளைக் கட்டிவைக்கப் பாத்தாரு. மாட்டேன்னு அழுதா. ஓடிடக் கூடாதுன்னு எஸ்டேட் வாசல்ல ஆள் போட்டிருந்தாரு."

"அதுக்கும் நீ பாடினதுக்கும் என்ன?"

"அந்தக் காவல்காரங்க இங்க அசையாம நின்னாத்தானே, அவ கைப்புள்ளையோட ஸ்டேஷன் வரைக்கும் நடந்து ரயிலேற முடியும்?"