பெர்னீஸின் சோளம்

"இது எங்க வீட்டுலேருந்து! எல்லாரும் எடுத்துக்குங்க!"

குதிரை எரு ஏற்றிய லாரியின் மேல் ஏறி, இடுப்பில் குழந்தையோடு நின்று கியானா சொன்னபோது அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

தோட்டத்தில் கூடியிருந்த ஏழெட்டுப் பேரும் கை தட்டினார்கள். பெர்னீஸ் மட்டும் ஒரு கை எருவை அள்ளி முகர்ந்து பார்த்தாள். பிறகு லாரியை ஓட்டி வந்த கியானாவின் அண்ணனிடம் திரும்பினாள்.

"குதிரைக்கு எந்த வயல் புல்லு போடறீங்க? களை மருந்து அடிச்ச வயலா?"

"எனக்கென்ன தெரியும்? லாயத்துல குவிஞ்சு கிடந்துச்சு. தங்கச்சி கேட்டா, கொண்டாந்தேன்."

"பொண்ணு பாக்க வந்தவ மாதிரில்ல கேள்வி கேக்கறா!" என்றார் யாரோ. எல்லாரும் சிரித்தார்கள்.

பெர்னீஸ் சிரிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தாள். "அத்தனையும் எனக்கு."

"அக்கா, இது எல்லாருக்கும்..."

"இங்க இருக்கற பாத்திக்கெல்லாம் பலகை அடிச்சது யாரு? நான். அப்ப எருவும் எனக்குத்தான். போய் வேற வேலையப் பாருங்க."

அவள் வாய்க்கு டெட்ராய்ட்டில் பாதிப் பேர் பயப்படுவார்கள். ஊர் பஸ் ஓட்டி ஓட்டி உரத்துப்போன தொண்டை. மதியத்துக்குள் ஒரு லாரி எருவும் அவளுடைய நான்கு பாத்திகளுக்குள் போய்விட்டது.

கியானா வீட்டுக்குப் போய் அழுதாள்.

அந்தத் தோட்டம், வீடுகளை இடித்துப் போட்ட மனை. மண்ணில் செங்கல் தூளும் பழைய பெயின்ட்டின் ஈயமும்தான். ஒன்றரை வயது நயாவின் ரத்தத்திலேயே ஈயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, குழந்தை தரையில் கை வைத்தாலே கியானாவுக்குப் பதறும். முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்து, கடையில் வாங்கின மண்ணை நிரப்பினால்தான் அங்கே நம்பிக் காய் போட முடியும். அப்படி ஒரு பாத்தியைத் தோட்டத்துக்காரர்கள் அவளுக்குச் சும்மா கொடுத்திருந்தார்கள். பதிலுக்கு அவளால் முடிந்தது அந்த ஒரு லாரி எரு.

ஜூனில் கூத்து இன்னும் பெரிதானது. வருஷா வருஷம் தக்காளிப் போட்டியில் முதல் பரிசு வாங்கும் பெர்னீஸ், நான்கு பாத்தியிலும் சோளம் போட்டிருந்தாள். ஒரு தக்காளிச் செடிகூட இல்லை.

"பலகைப் பாத்தியில போய் சோளமா? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"எரு கொழுப்பு!" என்றாள் கியானா. அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஜூலையில் அவளே புகார் எழுதிக் கொடுத்தாள். பொதுப்பொருளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவருக்குப் பாத்தி கிடையாது. அதுதான் தோட்டத்துச் சட்டம்.

தலைவி வெர்னா கூட்டத்தில் கேட்டாள். "பெர்னீஸ், நாலு பாத்தியும் போயிரும். ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லு."

பெர்னீஸ் கியானாவை ஒரு பார்வை பார்த்தாள். "என்னத்தச் சொல்ல? பேராசைதான். எழுதிக்கோ."

கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது கியானாவின் கை.

வெர்னா நான்கில் ஒரு பாத்தியைக் கியானாவுக்கே கொடுத்தாள். வெளியே போகும்போது பெர்னீஸ் கியானாவிடம் வந்து நின்றாள்.

"சோளத்தப் பிடுங்காத. இந்த வருஷம் அதுல வேற எதுவும் வைக்காத."

"என் பாத்தி. நான் பீன்ஸ் போடுவேன்."

"சொன்னாக் கேளுடி."

தோற்றவள் வயிற்றெரிச்சல் என்று கியானா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பீன்ஸ் விதையும் மண்வெட்டியுமாகப் போனாள். சோளத்தை விலக்கியதும் பலகை ஓரமாக வரிசையாகக் காகிதக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பீன்ஸ் செடி. மே, ஜூன், ஜூலை என்று மாதம் எழுதியிருந்தது.

'கடை மண்' என்று எழுதிய கோப்பைகளில் செடி நிமிர்ந்து நின்றது.

'கியானா எரு' என்று எழுதிய ஒவ்வொன்றிலும் இலைகள் இறுக்கி மூடின கைவிரல் மாதிரி சுருண்டிருந்தன. எரியும் தீக்குச்சியைத் தொட்டதுபோல அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

களை மருந்து அடிச்ச வயலா?

இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். பெர்னீஸ் ஓட்டும் பஸ் தெருமுனையில் வந்து நின்றது. படியேறி, கோப்பைகளை நீட்டினாள்.

"பாத்துட்டியா?" என்றாள் பெர்னீஸ். "அந்த மருந்து குதிரை வயித்துக்குள்ள போய் வந்தாலும் சாகாதுடி. தக்காளி, பீன்ஸ் எது வெச்சாலும் சுருட்டிப்புடும். சோளத்த மட்டும்தான் ஒண்ணும் பண்ணாது. குவியலா விட்டிருந்தா அன்னிக்கே ஆளாளுக்கு அள்ளிப் போட்டிருப்பாங்க. நீயும்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! நான் உங்களுக்கு எதிராக் கை தூக்கினேன் அக்கா!"

"பாத்தேன். நல்லா உசத்தித்தான் தூக்கின."

பெர்னீஸ் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"லாரி மேல நின்னு 'எங்க வீட்டுலேருந்து'ன்னு சொன்னியே, நீ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். அந்த நேரத்துல உன் எரு விஷம்னு சொல்லச் சொல்றியா? பேராசக்காரின்னு என்னை ஊரு சொல்றது என்ன புதுசா? உக்காரு, வண்டி எடுக்கணும்."

கியானா உட்காரவில்லை. கோப்பைகள் இரண்டையும் ஏந்திக்கொண்டு இறங்கி, எல்லாரும் பார்க்கத் தெருவின் நடுவிலேயே வெர்னா வீட்டுக்கு நடந்தாள், தன் எரு விஷம் என்று சொல்ல.