தொண்ணூற்றெட்டு வீதம்

"இது களவு, சுஹைரா. உங்கட கட்டுரையில தொண்ணூற்றெட்டு வீதம் இங்க பட்டம் எடுத்த வேற ஒராளின்ர ஆய்வு."

பட்டப்படிப்பு நிலையத்தின் தெரிவுக் குழுத் தலைவி நஜ்முன் நிஸா கட்டுரையை மேசையில் போட்டார். பக்கத்தில் இருந்த இருவரும் சுஹைராவை நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கைகளை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. துறைமுக வீதியில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் பத்தொன்பது வருடமாகக் கிளாக் வேலை. வேலை செய்பவர்களுக்கான வியாபார முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்து, அதற்குக் கேட்ட கட்டுரையையும் அனுப்பியிருந்தாள்.

"இந்த வயசில வேற தொழிலுக்கு மாற இந்தப் பட்டம் உதவுமோ எண்டு எத்தனையோ பேர் வந்து கேக்கிறாங்க. உதவும் எண்டுதான் சொல்லுவன். ஆனா நேர்மையாப் படிக்கிற ஆளுக்கு" என்றார் தலைவி. "உங்கட விண்ணப்பத்தில உயர்தரச் சான்றிதழின்ர பிரதியைக்கூடக் காணேல்ல."

"மறந்திட்டன், மெடம்."

"அந்த ஆய்வை எழுதினவரையும் வரச் சொல்லியிருக்கிறம். அவரிட்ட மன்னிப்புக் கேளுங்க."

கதவைத் திறந்துகொண்டு இரத்தினசிங்கம் வந்தார். அவளுடைய கம்பனியின் முகாமையாளர். மூன்று வருடத்துக்கு முன் இதே நிலையத்தில் பட்டம் வாங்கியவர். கதிரையை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு அமர்ந்தார்.

"எங்கட கந்தோர் ஆள்தான். பதவி உயர்வு கேட்டுக்கொண்டு நிண்டவ. பட்டம் இல்லாத ஆளை மேல போட ஏலாது எண்டு நான்தான் சொன்னனான். அதுக்காக என்ர ஆய்வையே களவெடுக்கிறதோ? நாளையில இருந்து வேலைக்கு வரத் தேவையில்ல."

சுஹைராவின் முகம் சிவந்தது.

"மன்னிப்புக் கேக்கிறன். அதுக்கு முதல் ஸேரிட்ட ஒரு கேள்வி கேக்கலாமா?"

தலைவி தலையசைத்தார்.

"கருவாடு போடுற இருபது பொம்பளையளைச் சந்திச்சு எழுதின ஆய்வு இது. அதில ஒராளின்ர பேரைச் சொல்லுங்க, ஸேர்."

"ஆய்வில பேர் வெளியில சொல்லக் கூடாது. அது ஒழுங்கு" என்று சிரித்தார் இரத்தினசிங்கம்.

"சரி, பேர் வேணாம். எந்த ஊர்ப் பொம்பளையள்?"

அவருடைய கால் கீழே இறங்கியது. "எல்லாம் இந்தக் கரையோரம்தான். நிலாவெளி... உப்புவெளி..."

தலைவி மேசையில் இருந்த அவருடைய ஆய்வைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இதில சல்லியும் கிண்ணியாவும் எண்டெல்லோ இருக்கு?"

சுஹைரா பையிலிருந்து மூன்று கொப்பிகளை எடுத்து வைத்தாள். உப்புக் காற்றில் ஊறிப்போன தாள்கள்; பக்கம் பக்கமாக அவளுடைய கையெழுத்து.

"எட்டு மாசம், ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில போனனான், மெடம். தன்ர ஆய்வை எழுதித் தந்தா என்னை உதவி முகாமையாளராப் போடுறன் எண்டார். பட்டம் கையில வந்த பிறகு, எனக்குப் பட்டம் இல்லையாம்."

"அப்பவே எங்களுக்கு முறைப்பாடு எழுதியிருக்கலாமே?"

"ரெண்டு கடிதம் எழுதினனான். பதில் வரேல்ல."

தலைவி கொப்பியையும் ஆய்வையும் அருகருகே வைத்து நெடுநேரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"விசாரணை முடியுமட்டும் உங்கட பட்டத்தை நிறுத்தி வைக்கிறம், இரத்தினசிங்கம். உங்கட கம்பனிக்கும் அறிவிப்பம்."

அவர் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். கைலேஞ்சியால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

தலைவி சுஹைராவின் பக்கம் திரும்பினார். "எழுதிக் குடுத்ததும் பிழைதான். இனி இங்க படிக்க உங்களுக்கும் இடமில்ல."

"விளங்குது, மெடம்."

"எனக்கு விளங்காதது ஒண்டுதான். இவ்வளவு எழுதத் தெரிஞ்ச நீங்க புதுசா ஒரு கட்டுரை எழுதியிருந்தா, ஒரு சொல்லும் கேக்காம இடம் தந்திருப்பம். பிடிபடும் எண்டு தெரிஞ்சும் ஏன் இதையே அனுப்பினீங்க?"

சுஹைரா எழுந்தாள். அன்று முதல் தடவையாக இரத்தினசிங்கத்தை நேராகப் பார்த்தாள்.

"பிடிபட்டாத்தானே மெடம், இவரைக் கூப்பிடுவீங்க."