ஒரு லிட்டர் அதிகம்

“இன்னிக்கும் சீஸா?” பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டான் கணவன்.

மனைவி திரிந்த பாலை வடிகட்டித் துணியில் கட்டி, அச்சில் திணித்து, மேலே தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்தாள். இடுப்பு விண் விண்ணென்று வலித்தது.

“ஃப்ரிட்ஜுல காய் வைக்க இடமில்ல. கல்லு மாதிரி கிடக்கு. யாரு திங்கிறது?”

“தினமும் புரட்டிப் போட்டு, உப்புத் தேய்ச்சு எனக்குத்தான் கை விட்டுப்போகுது. பாலைக் கீழ கொட்டவும் மனசு வரல. ஒரு லிட்டர் குறைக்கச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்!”

“அவ்வளவுதானே? இப்பவே சொல்றேன்.”

வாசலில் மணி அடித்தது. விடுவிடுவென்று போனான்.

“பால்காரரே, நாளையிலேர்ந்து...”

“சொல்லுங்க சார். பெரியவர் எப்படி இருக்காரு? வாசப்பக்கம் ஆளையே காணோமே?”

கணவன் கதவோரம் இருந்த பால் பாத்திரத்தை எடுத்து நீட்டினான்.

“நல்லா இருக்காரு. அதே அளவு ஊத்துங்க. பால் குடிக்காம அப்பாவுக்குத் தூக்கம் வராது.”

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மனைவி, மாமனார் காலமானதிலிருந்து காலியாகக் கிடக்கும் கட்டிலில் காயவைத்திருந்த இன்னோர் அச்சை எடுத்துவந்து கழுவினாள்.