ரத்தம் கொடுத்தவர்

"ரிப்போர்ட் வந்துடுச்சு பெரியவரே. ஒடஞ்ச கடைக் கண்ணாடியில இருந்த கொலகாரன் ரத்தத்துக்கும் உங்க ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. வாட்ச்மேனக் குத்துனது உங்க புள்ள இல்லீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

சகாதேவன் கைகூப்பினார். நகைக்கடை வாட்ச்மேன் கொலையான அன்றே மகன் கார்த்திக் தலைமறைவாகிவிட்டான். அவன் சாமான் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று சொல்லி, டி.என்.ஏ. சோதனைக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்திருந்தார் சகாதேவன்.

"பெத்தவங்க லேசுல ஒத்துக்க மாட்டாங்க. நீங்களா வந்து கைய நீட்டுனீங்க. புள்ள மேல அவ்ளோ நம்பிக்கை!"

"வரேங்க" என்று வெளியே வந்தார். ஸ்டேஷன் படியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனின் மனைவி எழுந்தாள்.

"எதனா தெரிஞ்சுதாண்ணா? தெனம் வந்து கேக்குறேன், ஆள் கெடைக்கலன்னே சொல்றாங்க."

அவர் செருப்பை மறுபடி கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"சார், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலையில என் கடை வாசல்ல ஒரு பச்சக்கொழந்தய யாரோ போட்டுட்டுப் போய்ட்டாங்க. இருவத்தஞ்சு வருஷமாச்சு. கார்த்திக்னு பேர் வெச்சு நாங்களே வளத்தோம். அவனுக்கே தெரியாது."

மூடிய ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டர் மறுபடி திறந்தார்.

"அவன் பல்லு வெளக்குன பிரஷ்ஷ பரண்மேல ஒளிச்சு வெச்சிருக்கேன் சார். எடுத்தாரேன்."