ஊசி போடாத மாடு

ரத்தினம்மாளின் மாட்டுக்கு மட்டும் ஊசி போடவில்லை.

ஊர் மாடு அத்தனையும் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பின. அவள் மாடு சும்மா திரும்பிற்று. பக்கத்து ஊரில் வெக்கை நோய் வந்து மாடுகள் கழிந்து கழிந்து செத்துக்கொண்டிருந்த சமயம் அது.

இத்தனைக்கும், போடுவதா வேண்டாமா என்று புருசனும் பெண்டாட்டியும் வாரக்கணக்கில் சண்டை போட்டுத்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"போன வருசம் போட்டு என்ன ஆச்சு? காய்ச்சல்ல கெடந்து பொழைச்சுது. இளைப்பு மாடு. மறுக்கா போட்டா தாங்குமா?" என்றாள் ரத்தினம்மாள்.

"மாரியாயிக்கு வருசா வருசம் காப்புக் கட்டுறோமா இல்லியா? போன வருசம் கட்டியாச்சுன்னு வுட்டுடுறோமா? ஊசியும் அப்படித்தான்" என்றான் பூமாலை.

ஊசியை நம்பியவர்கள் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. நம்பாதவர்களை மணியக்காரர் தமுக்கு அடித்து இழுத்து வர வேண்டியிருந்தது.

"மாடு செத்தா புள்ளைக்குப் பால்?"

"வெக்கையில செத்தா மட்டும் பால் வருமா?"

அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைப்பிள்ளை அந்த மாட்டை நம்பித்தான் இருந்தது. மாரியாயியை வேண்டிக்கொண்டு மாட்டை அவிழ்த்தாள்.

ஏரிக்கரையில் வரிசை. அரியலூரிலிருந்து, கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்த மாட்டு டாக்டர் ராசாங்கம் ஊசியும் கையுமாக நின்றார். ரத்தினம்மாளின் முறை நெருங்கியது.

அடுத்த வீட்டுப் பாப்பாயி குறுக்கே பாய்ந்தாள்.

"ஏண்டி, சளி ஒழுகுற மாட்டைக் கொண்டாந்து எம் மாட்டோட ஒட்டி நிறுத்துறியே, அறிவிருக்கா? எம் மாட்டுக்கு ஒட்டிக்கிட்டா நீயா வந்து அழுவே?"

"தள்ளிக்க அக்கா. போட்டுக்கிட்டுப் போயிடுறேன்."

"இது இங்க நின்னுச்சுன்னா நான் எம் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடுவேன். சொல்லிப்புட்டேன்!"

பாப்பாயி கிளம்பினால் பாதி வரிசை கிளம்பிவிடும். எப்போது சாக்கு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டம்.

மணியக்காரர் பயந்துபோனார். "ரத்தினம், மாட்டை அப்பால ஓட்டு. கடைசியில பாத்துக்கலாம்."

கடைசியில் டாக்டர் பெட்டியை மூடினார்.

"மருந்து தீந்துபோச்சு."

"எப்ப வருவீங்க சாமி?"

"சர்க்கார் அனுப்பினா வருவேன்."

பஸ் போய்விட்டது.

பாப்பாயி அதோடு விட்டாளா? இல்லை. மந்தைக்கு ஓட்டினால் கம்பெடுத்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கு ஓட்டினால் கரையிலேயே மறித்தாள்.

"ஊசி போடாத மாடு ஊர்த் தண்ணியில வாய் வெக்கப்படாது!"

"போட வுடாம பண்ணினது யாரு?"

"யாரா இருந்தா என்னடி? திருப்பு மாட்டை!"

ரத்தினம்மாள் நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினாள். "எம் புள்ள வயித்துல அடிச்சவ நல்லாருப்பாளா?"

பாப்பாயி தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேறு வழி? மாட்டைக் கொல்லையிலேயே கட்டினார்கள். முந்திரித் தோப்பு ஓரம் புல் அறுத்து வந்து போட்டார்கள். கிணற்றில் இறைத்துத் தண்ணீர் காட்டினார்கள். பூமாலைக்குக் கை காய்த்துப்போயிற்று. பாப்பாயியைத் திட்டாமல் ஒரு வாளி இறைத்ததில்லை.

வெக்கை ஊருக்குள்ளும் வந்தது. சந்தையிலிருந்து புதிதாக வாங்கி வந்த கன்றுகளைக் கொண்டுபோயிற்று. ரத்தினம்மாளின் மாட்டைத் தொடவில்லை. அது இளைத்துக்கொண்டே பால் கொடுத்தது.

மழை பிடிக்கிற சமயம் டாக்டர் மறுபடி வந்தார். ரத்தினம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

"டாக்டரய்யா, இப்பவாச்சும் எம் மாட்டுக்குப் போடுங்க."

"வேணாம்."

"ஏங்க?"

"முதல்ல போட்டதே இன்னும் பல வருசம் தாங்கும். இளைப்பு மாடு. ரெண்டாந்தரம் போட்டிருந்தா அப்பவே படுத்திருக்கும்."

"அதை அன்னிக்கே சொல்லக்கூடாதா சாமி?"

"ஏற்கெனவே போட்ட மாட்டுக்கு வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க ஊர்ல எல்லா மாடும் ஏற்கெனவே போட்ட மாடாயிடும். ஒருத்தன் நிக்க மாட்டான்."

"எங்கிட்ட மட்டும் ரகசியமா..."

"உன் புருசன் காதுல விழுந்தா போதும், ஊருக்குத் தமுக்கே வேணாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிள்ளையோடு அவர் காலில் விழப் போனாள். டாக்டர் நகர்ந்துகொண்டார்.

"எந்திரி. மருந்து தீந்துபோச்சுன்னு பொய் சொன்னது மட்டும்தான் நான் பண்ணினது. நான் ஊசி போட வர்றதுக்கு முதல் நாளே ஒரு ஆள் என்னைத் தேடி அரியலூருக்கே வந்துச்சு. 'அந்த மாட்டுக்கு மறுக்கா போடலாமா, அதை நம்பி ஒரு கைப்பிள்ளை இருக்கு'ன்னு கேட்டுச்சு. போடவும் கூடாது, இளைச்ச ஒடம்புல வேற சீக்கு ஒட்டிக்கும், நோய் ஓயுற வரைக்கும் மந்தையில சேரவும் கூடாது, காரணம் ஊருக்குத் தெரியவும் கூடாதுன்னேன். செய்யறவங்களுக்குப் பகைதான் மிஞ்சும்னேன். 'பகை எங்கிட்ட இருந்துட்டுப் போகட்டும், புள்ளைக்குப் பால் இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போச்சு. கும்பிடறதா இருந்தா அங்க போய்க் கும்பிடு."

"யாருங்க அது?"

டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"பாப்பாயி."