பிச்சைமுத்துவுக்கு ஒரு மாலை

"பிச்சைமுத்து எப்பங்க தவறுனாரு?"

"இன்னும் தவறலீங்க. நான்தான் பேசுறேன்."

பேசியவர் பதறிப்போய் போனை வைத்துவிட்டார். காலையிலிருந்து இதே கூத்துதான். பிச்சைமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மனைவி பரிமளாவுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"ஈன்னு இளிக்காதீங்க! எல்லாம் இந்த அன்புமொழியால வந்த வினை."

எதிர்வீட்டு அன்புமொழி, அரிமளம் கேபிள் சேனலுக்கும் யூடியூபுக்கும் குறும்படம் எடுப்பவள். இரண்டு நாளுக்கு முன் யூடியூபில் வந்த அவளுடைய புதுப்படத்தில் பிச்சைமுத்துதான் செத்துப்போகிற கதாநாயகன். விளம்பரத்துக்காக அவர் போட்டோவோடு 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு அனுப்பினாள். சேனல்காரர் அதை ஊரின் நிஜமான சாவு அறிவிப்புகளோடு சேர்த்து ஓட்டிவிட்டார்.

"வருத்தம் தெரிவிச்சு கீழ எழுத்து ஓட்டுறாங்க அத்தே. நான் என்ன செய்யட்டும்?" என்று அன்புமொழி கையைப் பிசைந்தாள்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பரிமளா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, மணமேல்குடியிலேருந்து ஒங்க அண்ணன் வாராரு! கையில மாலை!"

பிச்சைமுத்துவின் சிரிப்பு நின்றது. அவர் முதன்முதலில் நடித்த அன்று, 'கூத்தாடிப் பயலே, இனி ஒன் சாவுக்குத்தான்டா இந்த வாசப்படிய மிதிப்பேன்' என்று கத்திவிட்டுப் போனவர் பெரியகருப்பன். சொன்ன சொல் தவறாத மனிதர். அதன்பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் வரவில்லை. அண்ணன் இல்லாத பொங்கல் பிச்சைமுத்துவுக்குத் தொண்டையில் இறங்கியதே இல்லை.

"உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா, வந்த வழியே திரும்பிருவாரு பரிமளா."

"அதுக்கு?"

"உள்ள வர்ற வரைக்கும் செத்துக் கெடக்கேன். அப்பறமா எந்திரிச்சுக் கால்ல விழுந்துர்றேன்."

பரிமளா வாயைத் திறக்குமுன் அவர் கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்புமொழி சுவரோடு ஒட்டி நின்றாள்.

பெரியகருப்பன் செருப்பைக் கழற்றினார். வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே வந்து, தம்பியின் மார்பில் மாலையை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது நிஜக் கண்ணீர்தான்.

எழுந்துவிடலாமா, வேண்டாமா என்று பிச்சைமுத்து தவித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் அவர் காதருகே குனிந்தார்.

"படத்துல மூச்ச நல்லா அடக்கியிருந்தேடா. இப்ப வயிறு ஏறி எறங்குது பாரு. எந்திரி, நேத்தே யூடியூப்ல முழுசாப் பார்த்துட்டேன்!"